பிளஸ் டூ முடிக்கும் முன்பே டெக் தொழில்: இப்போதா, பிறகா, நடுவழியா?

"எங்க பையன் பிளஸ் ஒன் படிக்கிறான் சார். தானே ஒரு ஆப் செஞ்சிருக்கான். கம்பெனி ஒண்ணு ஆரம்பிச்சுக் கொடுத்திடலாமான்னு யோசனை." கோவையில் சின்னதாக ஒரு சாஃப்ட்வேர் நிறுவனம் நடத்துவதால் இந்தப் பேச்சு என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் அப்பாக்கள். பிள்ளைகளே கேட்டால் கேள்வி வேறு மாதிரி இருக்கும்: "அண்ணா, காலேஜ் போற வரைக்கும் காத்திருந்தா இதே ஐடியாவை வேற யாராவது செஞ்சிட மாட்டாங்களா?"

செய்துவிடுவார்கள். ஏற்கெனவே நாலு பேர் செய்திருக்கவும் கூடும். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். யார் பெயரில் கையெழுத்து, எந்த மாதத்தில் வேலை, மூட வேண்டி வந்தால் என்ன செலவு: கவலைப்பட வேண்டியவை இவைதான்.

தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் ஒருவர் முன்னால் நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, அம்மா அல்லது அப்பா பெயரில் பதிவு செய்து இப்போதே முறையாகத் தொழில் தொடங்குவது. இரண்டாவது, பதிவு எதுவும் இல்லாமல் பொருளை உருவாக்கி, சிலர் கையில் கொடுத்து, சின்னச் சின்ன வேலைகளும் எடுத்துப் பார்ப்பது. மூன்றாவது, பிளஸ் டூ முடித்து, 18 வயதான பிறகு கல்லூரியில் இருந்தபடி தொடங்குவது.

பள்ளியையே விட்டுவிட்டு இறங்குவது என்று நான்காவதாக ஒன்றைச் சிலர் சொல்வார்கள். ஓயோவின் ரிதேஷ் அகர்வால், செப்டோவின் ஆதித் பலிச்சா, கைவல்யா வோரா என்று பெயர்களும் வரும். அவர்கள் விட்டது கல்லூரியை. செப்டோ நண்பர்கள் இருவரும் ஸ்டான்ஃபோர்டில் இடம் வாங்கிவிட்டுத்தான் அதை விட்டார்கள். ஆகவே அந்த நான்காவது வழியை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

## எதை வைத்து எடை போடுவது

மாதம். "ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும்" என்ற கணக்கு ஜூன், ஜூலையில் சரியாக வரும். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. வாடிக்கையாளருக்கு இந்த அட்டவணை தெரியாது. தெரிந்தாலும் அவருக்கு அது பொருட்டில்லை.

பிளஸ் ஒன்னுக்கு 2025-26 கல்வியாண்டிலிருந்து பொதுத்தேர்வு கிடையாது. அந்த வருடம் முழுக்கக் கையில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் பாதியிலேயே பிளஸ் டூ பாடம் தொடங்கிவிடும் என்பது ஊரறிந்த விஷயம். நாமக்கல் பக்கம் விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைக்கு லேப்டாப்பே கையில் இருக்காது, அப்புறம் எங்கே தொழில்?

கையெழுத்து. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன்படி 18 வயது நிறையாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். மைனர் போட்ட ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1903இல் மோகோரி பீபி வழக்கில் சொன்னது இன்றைக்கும் நிற்கிறது. இயக்குநர் ஆக முடியாது, எல்எல்பி எனப்படும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையில் பங்குதாரர் ஆக முடியாது, ஒருநபர் கம்பெனியில் உறுப்பினராகவோ நாமினியாகவோ கூட இருக்க முடியாது.

பணம். தொடங்க ஆகும் பணத்தை எல்லோரும் விசாரிக்கிறார்கள். வருடா வருடம் ஓட்ட ஆகும் பணத்தையும் மூட ஆகும் பணத்தையும் யாரும் கேட்பதில்லை.

கற்றல். நிரல் எழுதுவது, விற்பது, வாடிக்கையாளரைச் சமாளிப்பது என்று இது மூன்று தனி வித்தைகள். எந்த வழியில் எது கைக்கு வரும் என்று பார்க்க வேண்டும்.

மார்க்கின் விலை. பொறியியல் கலந்தாய்வுக்கு கட்ஆஃப் மொத்தம் 200க்குக் கணக்கிடப்படும். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50 வீதம். இதற்குத் தமிழ்நாட்டில் நுழைவுத்தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். கணிதத்தில் ஒரு மதிப்பெண் குறைந்தால் கட்ஆஃபிலும் முழுசாக ஒன்று போகும். அந்த ஒன்றில் ரேங்க் நூற்றுக்கணக்கில் இறங்கும்.

அரசுப் பள்ளி மாணவருக்கு இந்த விலை இன்னும் கூடுதல். 6ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. நல்ல கல்லூரியில் நான்கு வருடம் இலவசமாகப் படிக்கிற வாய்ப்பை மாதம் ஆயிரம், இரண்டாயிரம் வருமானத்துக்காகப் பணயம் வைக்கிறோமா என்பதுதான் அங்கே கேள்வி.

| | இப்போதே பதிவு | பதிவில்லாமல் | 18க்குப் பிறகு |
|---|---|---|---|
| கையெழுத்து | பெற்றோர் | பெரும்பாலும் தேவையில்லை | நீங்களே |
| ஆண்டுச் செலவு | தனியுரிமை (ஒரே ஆள் பெயரில் நடக்கும் தொழில்): குறைவு, பிரைவேட் லிமிடெட்: அதிகம் | டொமைன், சர்வர் | பதிவைப் பொறுத்து |
| தேர்வு மாதங்களில் | நிறுத்த முடியாது | நிறுத்தலாம் | செமஸ்டர் என்பதால் சமாளிக்கலாம் |
| கற்பது | விற்பனை, கணக்கு, பொறுப்பு | நிரல், பயனர் மனநிலை | எல்லாம், கொஞ்சம் தாமதமாக |
| மூடுவது | காசும் அலைச்சலும் | எழுந்து போனால் போதும் | காசும் அலைச்சலும் |
| யாருக்கு | காசு தரும் வாடிக்கையாளர் ஏற்கெனவே இருப்பவர் | பெரும்பாலோர் | முதலீடோ பெரிய ஒப்பந்தமோ தேவைப்படுபவர் |

## வழி 1: பெற்றோர் பெயரில் இப்போதே

இதிலும் இரண்டு வகை. அம்மா பெயரில் தனியுரிமைத் தொழிலாகத் தொடங்கினால் செலவு அதிகமில்லை. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். வங்கியில் ஒரு நடப்புக் கணக்கு, அவ்வளவுதான். சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. "கெத்தாக இருக்கும்" என்று முன்கூட்டியே ஜிஎஸ்டி எண் வாங்கிவிடுகிறார்கள். வாங்கினால் ஒரு ரூபாய் வியாபாரம் இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும். மறந்தால், வியாபாரமே இல்லாத ரிட்டர்னுக்குக்கூட நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும்.

பிரைவேட் லிமிடெட் என்றால் கதை வேறு. வரவு பூஜ்யமாக இருந்தாலும் வருடாந்தரத் தணிக்கை கட்டாயம். ஆண்டுக் கணக்கும் ஆண்டறிக்கையும் கம்பெனிப் பதிவாளருக்குப் போக வேண்டும். தாமதமானால் படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய், உச்ச வரம்பு இல்லாமல். ஆடிட்டர் கட்டணமும் தாக்கல் செலவும் சேர்ந்து, சும்மா கிடக்கிற கம்பெனிக்கே ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். "சரி, வேண்டாம், மூடிவிடுவோம்" என்றாலும் பெயரை நீக்கும் விண்ணப்பத்துக்கே 10,000 ரூபாய் கட்டணம். விசிட்டிங் கார்டில் ஒரு வரி போட்டுக்கொள்வதற்கு இது ரொம்பக் கூடுதல் விலை.

பணத்தைவிட நான் அதிகம் யோசிக்கச் சொல்வது வேறு மூன்று விஷயங்களை.

முதலாவது, அந்த அம்மா யார்? அரசு ஊழியர் என்றால், ஆசிரியராக இருந்தாலும் சரி, 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் அனுமதியில்லாமல் தனியாக வியாபாரம் செய்ய விடாது. பிள்ளைக்கு உதவி செய்யப் போய் அம்மா விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. வேலைக்குப் போகாதவர் என்றால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் வருமானம் அவர் வருமானமாகவே கணக்காகும், நோட்டீஸ் வந்தாலும் அவர் பெயருக்குத்தான் வரும்.

இரண்டாவது, நண்பர்கள். இரண்டு பேர் சேர்ந்து எழுதிய நிரல் யாருக்குச் சொந்தம்? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவருக்கு. வேறொருவருக்கு மாற்றித்தர எழுத்துப்பூர்வமான ஆவணம் வேண்டும். எழுதியவரோ மைனர், அவர் போடும் கையெழுத்து செல்லாது. இப்போது எல்லாம் நட்பில் ஓடும். பிளஸ் டூ முடிந்து ஒருவர் திருச்சிக்கும் இன்னொருவர் சூரத்கல்லுக்கும் போன பிறகு, ஆப்பை வாங்க யாராவது வந்தால் அங்கே தொடங்கும் தகராறு.

மூன்றாவது, வாடிக்கையாளர். இதை ஒரு உதாரணத்தோடு சொன்னால்தான் விளங்கும். பிளஸ் டூ மாணவி ஒருத்தி டியூஷன் சென்டருக்காக மென்பொருள் செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மாதக் கட்டணம் யார் கட்டவில்லையோ அவர் வீட்டுக்கு முதல் தேதியில் மெசேஜ் போகும். மூன்று சென்டர், ஆளுக்கு மாதம் 500 ரூபாய். டிசம்பர் முதல் தேதி அப்டேட்டில் ஒரு பிழை. பணம் கட்டியவர்களுக்கும் மெசேஜ் போய்விட்டது. இரவு ஒன்பதரைக்கு போன்: "தம்பி இருக்கானா? ஓ, பொண்ணாம்மா செஞ்சது? இங்க பாரும்மா, கட்டினவங்க எல்லாம் ரசீதைத் தூக்கிட்டு வந்து நிக்கிறாங்க. உடனே சரி பண்ணு." அடுத்த வாரம் இயற்பியல் அரையாண்டு. அவளுக்கு அந்த இரவு படிப்பு இல்லை. மறுநாளும் இருக்காது. சரிசெய்த பிறகும் ஒவ்வொரு வீட்டுக்கும் மன்னிப்பு மெசேஜ் அனுப்பச் சொல்வார்கள்.

மாதம் 1,500 ரூபாய்க்கு இது. அதில் சர்வர் செலவு போக மீதி எவ்வளவு என்று அவளே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். இந்த அனுபவம் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது என்பதும் உண்மை. கோபமாக இருக்கும் ஒருவரிடம் நிதானமாகப் பேசிப் பிழையைக் கண்டுபிடிப்பதை 16 வயதில் கற்றவர் பின்னால் எங்கேயும் தேறிவிடுவார். அரையாண்டுக்கு முந்தைய வாரம் அதைக் கற்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

எப்போது இந்த வழி சரி? காசு தரும் வாடிக்கையாளர் ஏற்கெனவே இருக்கிறார், அவர் பில் கேட்கிறார், வீட்டில் கணக்கு வழக்கு தெரிந்த ஒரு பெரியவர் முழு மனதோடு நிற்கிறார், பிள்ளை பத்தாம் வகுப்பு விடுமுறையிலோ பிளஸ் ஒன் தொடக்கத்திலோ இருக்கிறது. நாலும் பொருந்தினால் தாராளமாகத் தனியுரிமைத் தொழிலாகத் தொடங்கலாம். பிரைவேட் லிமிடெட்டுக்கு முதலீட்டாளர் கேட்டால் ஒழியக் காரணமே இல்லை.

பெங்களூரின் சுஹாஸ் கோபிநாத் 2000இல், 14 வயதில் குளோபல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியபோது இங்கே சட்டம் இடம் தராததால் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவில் பதிவு செய்தார். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு வெளிநாட்டுப் பதிவை விலைக்கு விற்கும் இணையதளங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். அங்கே ஆண்டு தாக்கல், இங்கே வெளிநாட்டுச் சொத்துக் கணக்கு என்று இரண்டு பக்கமும் இழுக்கும்.

## வழி 2: பதிவில்லாமல் செய்து பார்ப்பது

என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். காரணம், தொழிலில் கஷ்டமான பாதியை இதிலேயே செய்துவிடலாம்: யாருக்காவது உண்மையிலேயே பயன்படுகிற ஒன்றைச் செய்து, அவர் அதைத் திரும்பத் திரும்பத் திறக்கிறாரா என்று பார்ப்பது. கம்பெனிப் பதிவு அந்தப் பாதியில் எந்த உதவியும் செய்யாது. சென்னைச் சகோதரர்கள் ஷ்ரவண் குமரனும் சஞ்சய் குமரனும் 2011இல் கோ டைமென்ஷன்ஸ் என்ற பெயரில் ஆப் செய்யத் தொடங்கியபோது மூத்தவருக்கு வயது 12, இளையவருக்கு 10. முதலில் பேசப்பட்டது அவர்கள் செய்த விளையாட்டுகள்தான்.

நடைமுறையில் இடிக்கும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். கூகுள் பிளேயில் டெவலப்பர் கணக்கு திறக்க 18 வயது வேண்டும், ஒருமுறை 25 டாலர் கட்டணம். ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர், அங்கேயும் இதே வயது. அப்பா பெயரில் திறக்கலாம். 18 ஆனதும் பிளே ஸ்டோரில் ஆப்பை உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. புதிய தனிநபர் கணக்கு என்றால் வெளியிடும் முன் 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ச்சியாகச் சோதனை நடத்த வேண்டும். வகுப்பு நண்பர்கள் முதல் நாள் இன்ஸ்டால் செய்துவிட்டு மூன்றாம் நாள் அழித்துவிடுவார்கள், அதற்கும் தயாராக இருங்கள். இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் இணையதளமாகவே செய்யலாம். அதற்கு யாரும் வயது கேட்பதில்லை.

ஃப்ரீலான்ஸ் வேலைக்கு அப்வொர்க் போன்ற தளங்கள் 18 கேட்கின்றன. உள்ளூர் வேலைகள்தான் வசதி: தெரிந்த கடைக்கு இணையதளம், உறவினரின் கிளினிக்குக்கு முன்பதிவுப் பக்கம். பணத்தை உங்கள் கணக்கிலேயே வாங்கலாம். 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கு திறந்து இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வரம்பை வங்கி வைக்கும். வரி விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. மைனரின் வருமானத்தைப் பொதுவாகப் பெற்றோர் வருமானத்தோடு சேர்ப்பார்கள். சொந்தத் திறமையால், உழைப்பால் சம்பாதித்ததை அப்படிச் சேர்ப்பதில்லை. அது பிள்ளையின் வருமானம்தான். மைனருக்கும் பான் அட்டை கிடைக்கும்.

இந்த வழியில் நான் சொல்லித்தரும் ஒரே தந்திரம்: எல்லாக் கணக்கும் வாடிக்கையாளர் பெயரிலேயே இருக்கட்டும். மேலே சொன்ன டியூஷன் சென்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்ப, அனுப்புபவர் யார் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் செய்யும் டிஎல்டி பதிவு வேண்டும். அதற்குத் தொழில் ஆவணம் கேட்பார்கள், மாணவியிடம் அது இல்லை. சென்டரிடம் இருக்கிறது. சென்டர் பெயரில் பதிவு செய்து, சென்டரே எஸ்எம்எஸ்ஸுக்குப் பணம் கட்டட்டும். இணையத்தில் பணம் வாங்கித்தரும் பேமென்ட் கேட்வேயும் அவர்களுடையது, டொமைனும் அவர்களுடையது. நீங்கள் நிரலை எழுதிக் கொடுத்து, ஒருமுறைக்கான கூலியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். மாதச் சந்தா வாங்கினால் மாதப் பொறுப்பும் கூடவே வரும். பிப்ரவரியில் போன் வந்தால் "ஏப்ரலில் பார்க்கிறேன்" என்று சொல்ல முடிகிற உறவாக அது இருக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. முதலில் மேகக்கணினி (இணையவழி வாடகை சர்வர்) பில். இலவசத் திட்டத்தில் சேரவே அப்பாவின் கார்டு எண்ணைக் கேட்பார்கள். ஏஐ சேவைக்கோ சர்வருக்கோ உள்ள ரகசியச் சாவியைத் தெரியாமல், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் எல்லோருக்கும் தெரியும்படி ஏற்றிவிட்டால், அதைத் தேடி எடுப்பதற்கென்றே தானியங்கி நிரல்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. காலையில் எழுந்து பார்த்தால் பில் டாலரில் நிற்கும்.

அடுத்தது, உங்கள் பயனர்களே உங்கள் வகுப்புத் தோழர்கள் என்றால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள். அவர்கள் தரவைச் சேகரிக்கப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும், அவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது. மீறினால் அபராத உச்சவரம்பு 200 கோடி ரூபாய். படிப்படியாக அமலுக்கு வரும் சட்டம் இது. உங்கள் ஆப்பைத் தேடி யாரும் உடனே வரப்போவதில்லை என்பது என் கணிப்பு. ஆனாலும் பெயர், போன் நம்பர், போட்டோ எதையும் வாங்காமல் ஆப் ஓடுமா என்று யோசியுங்கள். பாதி ஆப்களுக்கு அது தேவையே இல்லை.

இந்த வழியின் பலவீனம் ஒன்றே ஒன்று. கேட்க ஆள் இல்லாததால் பாதியில் நிற்கும். கிட்ஹப் பூராவும் பாதியில் விட்ட திட்டங்கள்தான். மத்திய அரசின் உதவியோடு நடக்கும் அடல் டிங்கரிங் ஆய்வகம் உள்ள பள்ளி என்றாலோ, மாநில அரசின் பள்ளிப் புத்தாக்கத் திட்டத்தில் உங்கள் பள்ளி இருந்தாலோ சேர்ந்துகொள்ளுங்கள். பரிசைவிட, குறித்த தேதியில் காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடி உதவும்.

## வழி 3: பதினெட்டுக்குப் பிறகு

காத்திருப்பது என்றால் சோம்பல் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. எம்ஐடியின் பியர் அசூலேயும் மற்றவர்களும் அமெரிக்க நிறுவனங்களை வைத்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், மிக வேகமாக வளர்ந்த ஆயிரத்தில் ஒரு பங்கு நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45. நம் ஊரிலேயே கிரிஷ் மாத்ருபூதம் ஃப்ரெஷ்வொர்க்ஸ் மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியது 2010இல், ஜோஹோவில் பல ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு. 2021இல் அது அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கின் பட்டியலில் ஏறியது. ஐடியா ஆறிப்போய்விடவில்லை.

கல்லூரியில் கிடைப்பவை: சொந்தக் கையெழுத்து, புதுத் தொழில்களை வளர்த்துவிடும் இன்குபேட்டர், உடன் சேரும் ஆட்கள். மத்திய அரசின் 2019ஆம் ஆண்டுக் கொள்கை, தொழில் தொடங்கும் மாணவருக்கு வருகையில் சலுகையும் ஒரு செமஸ்டர் இடைவெளியும் தரக் கல்லூரிகளுக்கு வழிகாட்டியிருக்கிறது. தருவார்களா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், சேரும் முன் விசாரியுங்கள். மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பின் டான்சீட் போன்ற மானியங்களுக்குப் பதிவு பெற்ற நிறுவனம் தேவை. அதற்கு இந்த வழிதான் பொருந்தும்.

இதன் செலவு சொல்லப்படாத ஒன்று. நான்காம் செமஸ்டர் வரும்போது கேம்பஸ் இன்டர்வியூ பேச்சு தொடங்கும். கல்விக் கடன் இருந்தால் வீட்டின் பார்வையும் சம்பளத்தின் மீதுதான் இருக்கும். பள்ளியில் இழக்க எதுவும் இல்லாதது போல அப்போது இருக்காது. அதுவரை எதையுமே செய்து பார்க்காதவர் அந்த இடத்தில் வேலையைத்தான் எடுப்பார். அது தவறில்லை, ஆனால் "பிறகு தொடங்குவேன்" என்ற திட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

கல்லூரி என்றால் பொறியியல் மட்டும் என்றும் இல்லை. ஐஐடி மெட்ராஸின் பிஎஸ் தரவு அறிவியல் படிப்பு இணையவழி, நேரத்தை நீங்களே வகுக்கலாம். ஜோஹோ பள்ளி பிளஸ் டூ முடித்தவரை உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவிக்கிறது. தொழில் கனவு உள்ளவருக்கு இரண்டுமே நல்ல மேடை.

## உங்களுக்கு எது

பிளஸ் டூவில் இருக்கிறீர்கள், ஜூலை தாண்டிவிட்டது என்றால் விவாதமே வேண்டாம். மார்ச் வரை புதிதாக எதுவும் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே ஓடுவதை ஓரமாக நிறுத்துங்கள். பொதுத்தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரை ஏறத்தாழ நான்கு மாதம் கிடைக்கும். நீட், ஜேஇஇ எழுதாதவருக்கு அது முழுசாகச் சும்மா இருக்கும் காலம், பலருக்கு அப்போது 18ம் நிறைந்துவிடும். தொழில் தொடங்க இதைவிட நல்ல ஜன்னல் இங்கே எனக்குத் தெரியவில்லை. பெரும்பாலோர் அதைக் கார் ஓட்டக் கற்பதில் செலவிடுகிறார்கள்.

பிளஸ் ஒன்னில் இருந்து, உருப்படியாக ஒன்றும் செய்து முடித்ததில்லை என்றால் வழி 2. யாரோ ஒருவர் காசோடு வாசலில் நிற்கிறார் என்றால் வழி 1, தனியுரிமையாக, பிளஸ் டூ ஆகஸ்டில் நிறுத்தும் தேதியை அவரிடம் இன்றைக்கே சொல்லிவிட்டு. கூடச் செய்யும் நண்பர்கள் இருந்தால், யார் எதை எழுதினார்கள், யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, பெற்றோர் எல்லோரும் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். நீதிமன்றத்தில் அது முழுதாக நிற்காது, ஆனால் முக்கால்வாசிச் சண்டை அந்தத் தாளைப் பார்த்தே தீர்ந்துவிடும். 18 நிறைந்த வாரத்தில் அதே தாளை முறையான ஒப்பந்தமாக மறுபடி எழுதிக்கொள்ளுங்கள்.

அப்பாக்களுக்கு: எந்த வழியானாலும் கிரெடிட் கார்டைக் கொடுக்காதீர்கள். தனியாக ஒரு டெபிட் கார்டு, அதில் மாத வரம்பு 1,000 ரூபாய், வெளிநாட்டுப் பரிவர்த்தனை தேவைப்படும் நாளில் மட்டும் திறந்து மூடும்படி.